வழித்தெடுத்த பெயர்

அந்த ஊரில் மாஸ்டரின் கையெழுத்தைச் சாப்பிடாத ஆள் கிடையாது. பிறந்தநாளா, கல்யாணமா, ஆபீசில் ஓய்வு பெறுகிறவருக்கு வழியனுப்பு விழாவா, எதுவானாலும் கேக்கின் மேல் பெயர் எழுதுவது அவர்தான். இத்தனைக்கும் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒழுங்காக ஒதுங்காதவர். பேக்கரியில் தட்டுக் கழுவ வந்தவர். கழுவின தட்டு காய்வதற்குள் மாவு பிசையக் கற்றுக்கொண்டார். பிசைந்த மாவு பொங்குவதற்குள் ஐசிங் கற்றுக்கொண்டார். கடைசியில் அந்தப் பேக்கரியையே வாங்கிவிட்டார். இதைக் கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரைப் பிடித்து உட்காரவைத்தும் சொல்வார்.

மற்ற கடைகளில் பெயரை உள்ளே வைத்து எழுதி, பெட்டியில் போட்டு நூல் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். மாஸ்டர் கடையில் அந்தப் பேச்சே கிடையாது. கேக் முன்னால் கண்ணாடி மேசைக்கு வரும். வாங்க வந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். மாஸ்டர் தாள் கூம்பில் கிரீமை நிரப்பி, நுனியைக் கத்தரியால் நறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் எழுத்தில் இறங்கினால் கடைசி எழுத்தில்தான் ஏறுவார். நடுவில் கூம்பைத் தூக்குவது கிடையாது. முடிக்கும்போது மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டுவார், கிரீமின் வால் நறுக்கென்று நிற்கும். குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

"மெஷின் எழுதுமாம்ல மாமா இப்பல்லாம்?" என்று கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மச்சினன் சீண்டுவான். மாஸ்டர் மனைவியின் தம்பி அவன். வாய் கொஞ்சம் நீளம்.

"எழுதும் மாப்ள, எழுதும். உயிர் இருக்குமா அதுல? என் கைல உள்ளது ரத்தம்டா. அதுல உள்ளது கரண்டு."

அந்தக் கைதான் மாஸ்டரின் சொத்து, படிப்பு, ஜாதகம் எல்லாம். அந்தக் கைக்குப் பின்னால் இன்னொரு கை இருந்தது. அதைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை.

அது அவருடைய அப்பாவின் கை. அப்பா ஒரு மில் கேன்டீனில் டீ ஊற்றுகிற வேலை பார்த்தார். கை நடுங்கும். சும்மா மடியில் கிடக்கும்போது தூங்குகிற பூனை மாதிரி இருக்கும். கிளாசைத் தூக்கினால்தான் ஆட்டம் பிடிக்கும். வாய் கிட்டே வரவர ஆட்டம் கூடும். 'ஆட்டக்கை' என்றே அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஒருநாள் சூடான டீயை ஒரு மேஸ்திரியின் மடியில் கவிழ்த்துவிட்டார். "காலங்காத்தால ஊத்திக்கிட்டு வந்து நிக்கிறான் பாரு" என்று எல்லோர் முன்னாலும் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டவரில்லை. சாப்பாட்டு வாளியோடு வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகன், அப்பாவுக்காக அழவில்லை. தன் கையை நீட்டிப் பார்த்தான். ஆடவில்லை. அன்றைக்கு அவன் மனசுக்குள் ஒரு கணக்குத் தீர்ந்தது: கை நின்றவன் மனுஷன், கை ஆடினவன் ஒன்றுமில்லாதவன்.

தலையில் நரை விழத் தொடங்கின காலத்தில்தான் மாஸ்டருக்கு அது வந்தது. முதலில் டீ கிளாஸ். சாசரில் வைக்கும்போது கிணுகிணுவென்று சத்தம். "சூடு அதிகம்" என்றார். அப்புறம் பாங்கில் கையெழுத்துப் போடும்போது. "பேனா சரியில்லை" என்றார். அப்புறம் சட்டைப் பொத்தான். "இந்தக் காலத்துத் தையல்காரனுக்கு ஓட்டை போடத் தெரியலை" என்றார். டீயை அரை கிளாசாக வாங்கக் கற்றுக்கொண்டார். முழங்கையை மேசையில் ஊன்றக் கற்றுக்கொண்டார். எழுதுகிற கையின் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, அதுவும் ஒரு ஸ்டைல் மாதிரி நின்றார். பார்த்தவர்களும் ஸ்டைல் என்றுதான் நினைத்தார்கள்.

அவருக்குத் தெரியும். பெயரின் நடுவில் ஒரு வளைவு வரும்போது, கூம்பின் நுனி கேக்கைத் தொடப்போகிற அந்த நொடியில், கை அப்பாவின் கையாக மாறிவிடும்.

ஒருநாள் மைதா வியாபாரி வீட்டு விசேஷத்துக்குப் போனார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நாலு பேர் உட்கார்ந்து ஊற்றினார்கள். மாஸ்டருக்கு அதில் பெரிய பழக்கம் கிடையாது. மரியாதைக்கு இரண்டு கிளாஸ் வாங்கிக்கொண்டார். அதற்குள் உள்ளே ஒரு கூச்சல். மாஸ்டர் கடையிலிருந்தே வந்த கேக், வண்டி குலுங்கினதில் பெட்டி மூடியில் ஒட்டி, எழுத்தெல்லாம் அப்பிக்கிடக்கிறது. "மாஸ்டரே இங்கதான இருக்காரு, அப்புறம் என்ன!" என்றார் வியாபாரி. கடைக்கு ஆள் விட்டு வரவழைத்த கூம்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சுற்றிக் கூட்டம். சரி, இன்றோடு மானம் போயிற்று என்று மாஸ்டர் இறங்கினார்.

கை நின்றது.

பாறை மாதிரி நின்றது. இளவட்ட வயதில் எழுதினது மாதிரி வழுக்கிக்கொண்டு போய் முடிந்தது. மணிக்கட்டைச் சுண்டினபோது சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். மாஸ்டர் கொல்லைப்பக்கம் போய், முகம் கழுவுகிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. போனது திரும்பி வந்துவிட்டது. எதனால் வந்தது என்றும் தெரிந்துவிட்டது.

பேக்கரிக்காரனுக்கு அதற்கு வெளியே அலைய வேண்டியதில்லை. பழக் கேக்குக்குத் திராட்சையும் முந்திரியும் ஊறவைக்கிற ரம், எசென்ஸ் அலமாரியின் மேல்தட்டில் எப்போதும் இருக்கும். பாட்டில் குறைந்தால் திராட்சை குடித்தது என்று கணக்கு. வாயில் வாசம் வந்தால் வேலை அப்படி. வேறெந்தத் தொழிலிலும் இந்த வசதி கிடையாது. காலையில் முதல் கேக்குக்கு முன்னால் ஒரு மூடி. அவ்வளவுதான். மருந்து மாதிரி.

மூடி கொஞ்ச நாளில் கிளாஸ் ஆயிற்று. ஏனென்றால் அந்த அமைதி வந்த வேகத்தில் போய்விடும். போகும்போது சும்மா போகாது. மறுநாள் விடியும்போது கை முன்பைவிட மோசமாகத் துள்ளும், விட்டதையெல்லாம் சேர்த்து வசூலிக்கிற மாதிரி. அதை அடக்க இன்னும் கொஞ்சம். அதை அடக்கினதற்காக அடுத்த நாள் இன்னும் அதிகம். நேற்று நின்ற அளவுக்கு இன்று நிற்காது. மாஸ்டருக்கு இதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. நடுக்கம் கூடுகிறது, அதனால் மருந்தும் கூடுகிறது என்றுதான் நினைத்தார். மருந்தே நடுக்கத்தைக் கூட்டுகிறது என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

மனைவிக்குத் தெரியாமல் இருக்குமா? மனைவியின் மூக்கை எசென்ஸ் வாசம் ஏமாற்றாது.

"என்னங்க இது, காலையிலயேவா? குடிச்சுக் குடிச்சுக் கையப் பாருங்க, எப்படி ஆடுது!"

மாஸ்டர் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். இல்லடி, குடிச்சதால ஆடலை, ஆடுறதாலதான் குடிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. குடிகாரன் என்றால் ஊரில் பத்தோடு பதினொன்று. விட நினைத்தால் விட்டுவிடுவான் என்று பேர். கை போனவன் என்றால்? 'ஆட்டக்கை மகன் ஆட்டக்கை.' அதைவிடக் குடிகாரன் பட்டம் எவ்வளவோ கௌரவமாகப் பட்டது அவருக்கு.

"என் காசு, நான் குடிக்கிறேன். உனக்கென்ன குறை வச்சேன்?" என்று கத்திவிட்டுக் கடைக்குப் போனார்.

மகள் வளர்ந்து, நர்சரிப் பள்ளியில் ஆசிரியையாகி, மாப்பிள்ளையும் அமைந்தது. வீட்டில் அவளுக்குப் பெயரே பாப்பாதான். கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தாள். கூட்டமில்லை. கண்ணாடி மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றாள், சின்னதில் நின்ற மாதிரியே.

"அப்பா, ரெண்டே ரெண்டு கேக்கணும்."

"கேளு கண்ணு. ஊர்ல எவனும் வெட்டாத கேக்கு வேணுமா? ஏழு அடுக்கு போட்டுருவோம்."

"அடுக்கெல்லாம் வேணாம். என் பேரையும் அவர் பேரையும் நீங்க எழுதணும். எல்லார் முன்னாடியும், உங்க கையாலயே."

"இதக் கேக்கணுமா? வேற எவனையாச்சும் எழுத விட்டுருவனா? ரெண்டாவது என்ன?"

அவள் விரலால் கண்ணாடியைத் தேய்த்தாள். "அன்னிக்கு ஒரு நாள் மட்டும் குடிக்காதீங்கப்பா. அவங்க வீட்டுல யாரும் தொடமாட்டாங்க. எனக்காக."

இரண்டும் சின்ன ஆசைதான். ஆனால் ஒன்று நடந்தால் இன்னொன்று நடக்காது. அது உலகத்திலேயே ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், அந்த ஆள் மார்பைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "ஒரு நாள் என்ன, இன்னிலேருந்தே நிறுத்திட்டேன் போ. உங்கப்பன் நினைச்சா நினைச்சதுதான்."

சொன்னபடி நிறுத்தினார். அந்த வைராக்கியம் உண்மை. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பழகின உடம்பு விடுமா? வேர்த்துக் கொட்டியது. தூக்கம் போயிற்று. கை மட்டுமில்லை, தாடைகூட நடுங்கியது. மச்சினன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மாமா, நான் ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டீங்களே? பேரை நம்ம கடை ரெண்டாவது மாஸ்டரை விட்டு முன்னாடியே எழுதி வச்சிருவோம். நீங்க மேல சும்மா ஒரு பூ வைங்க. போட்டோவுக்கு அது போதும்."

"ஏன்டா, என் மக கல்யாணத்துல நான் பூ வைக்கிறவனா? போய் உன் கல்லாவைப் பாரு."

கல்யாண மண்டபத்தில் வெள்ளைத்துணி விரித்த மேசைக்குக் கேக் வந்தது. கழுவின கண்ணாடி மாதிரி வழுவழுப்பான கிரீம். சம்பந்தி வீட்டார் முன்வரிசையில். செல்போன்கள் உயர்ந்தன. "எங்கப்பா எழுதறதைப் பாருங்க" என்று பாப்பா மாப்பிள்ளை காதில் சொன்னது மாஸ்டருக்குக் கேட்டது. கூம்பை எடுத்தார். மூச்சைப் பிடித்தார். இடது கையால் மணிக்கட்டைப் பிடித்தார். அதுவும் சேர்ந்து ஆடியது.

முதல் எழுத்து கோணிக்கொண்டு இறங்கியது. இரண்டாவது எழுத்து ரம்பப் பல் மாதிரி போனது. கிரீம் சொட்டுச் சொட்டாக வெள்ளையில் சிந்தியது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மாஸ்டர் காலையிலேயே ஏத்திட்டாருப்பா!" சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குப் பரவியது. சம்பந்தியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாஸ்டர் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். மகளின் பெயரில் கடைசி எழுத்து மட்டும் பாக்கி.

பாப்பா பக்கத்தில் வந்தாள். "ஒரு நாள்தானப்பா கேட்டேன்."

நான் குடிக்கவில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஊதிக்கூடக் காட்டலாம். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அப்புறம் ஏன் கை இப்படி? இத்தனை பேர் முன்னால், செல்போன்கள் முன்னால், அந்தக் கேள்வி. மில் கேன்டீன் வாசல் அவர் கண் முன்னால் வந்து நின்றது.

"ஆமா, குடிச்சேன்" என்றார் மாஸ்டர், மண்டபத்துக்கே கேட்கும்படி. "என் பொண்ணு கல்யாணம். சந்தோஷத்துல குடிச்சேன். என்ன இப்ப?"

பாப்பா கேக் வெட்டுகிற கத்தியை எடுத்தாள். அந்தப் பெயரை ஒரே இழுப்பில் வழித்தெடுத்து, கிரீமைத் தடவிச் சமமாக்கிவிட்டு, ஒன்றும் எழுதாத கேக்கை மாப்பிள்ளையோடு சேர்ந்து வெட்டினாள். எல்லோருக்கும் ஒரு துண்டு வந்தது. மாஸ்டருக்கும் வந்தது. அவர் கையில் அந்தத் தட்டு நிற்கவில்லை.

அதற்கப்புறம் பாப்பா அம்மாவோடு போனில் பேசுவாள். அப்பா எடுத்தால் "அம்மா இருக்காங்களா?" என்பதோடு சரி. பேரன் பிறந்த சேதி மச்சினன் மூலமாகத்தான் வந்தது. மாஸ்டர் மறுபடி அலமாரிப் பக்கம் போனார். யாருக்காக நிறுத்துவது? கண்ணாடி மேசையில் இப்போது ரெண்டாவது மாஸ்டர் எழுதினான். "கண்ணு சரியில்லை எனக்கு" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டார். கண்ணைக் காட்டிக்கொடுப்பதில் அவருக்கு வெட்கமில்லை.

சாப்பாட்டுக் கரண்டி வாய்க்கு வருவதற்குள் பாதி மடியில் விழும் நிலைமை வந்தபோது, மனைவி அவரை இழுத்துக்கொண்டு நரம்பு டாக்டரிடம் போனார். டாக்டர் பாப்பா வயதுப் பெண். எல்லோரையும் போல, குடிப்பதால் நடுங்குகிறதா என்றுதான் கேட்கப்போகிறாள் என்று மாஸ்டர் பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

அந்தப் பெண் வேறு கேட்டாள். "ஐயா, குடிச்சா கை நிக்குதா?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை மாஸ்டரிடம் ஒரு ஜீவனும் கேட்டதில்லை. பக்கத்தில் மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"நிக்கும்" என்றார். "கொஞ்ச நேரம்."

"மறுநாள்?"

"ரொம்ப ஆடும்."

டாக்டர் ஒரு தாளில் வட்டச்சுருள் வரையச் சொன்னாள். ஐசிங்கில் ஆயிரக்கணக்கில் சுருள் போட்ட கை. கொசுவத்திச் சுருளை மிதித்துவிட்ட மாதிரி வந்தது. தலையாட்டிக்கொண்டே அவள் விளக்கினாள். இது ஒரு வகை நடுக்க நோய். சும்மா இருக்கும்போது இல்லாமல், வேலை செய்யும்போது வருவது. பல குடும்பங்களில் வழிவழியாக வரும். இது உள்ள நிறையப் பேருக்குக் குடித்தால் கொஞ்ச நேரம் அடங்கும். அதுதான் இதில் உள்ள பொறி. போதை இறங்கும்போது நடுக்கத்தைக் கூட்டிவிட்டு இறங்கும், குடிக்கிற அளவும் ஏறிக்கொண்டே போகும். "இப்ப உங்ககிட்ட ரெண்டு நடுக்கம் இருக்குங்க ஐயா. ஒண்ணு பிறப்போட வந்தது. இன்னொண்ணு பாட்டில்ல வந்தது. மாத்திரை இருக்கு, சிலருக்கு நல்லாவே கேக்கும். ஆனா குடியைச் சட்டுனு நிறுத்தாதீங்க. இவ்வளவு பழகின உடம்புக்கு அது ஆபத்து. எங்க மேற்பார்வையில கொஞ்சங்கொஞ்சமா."

"ஒருதடவை சட்டுனு நிறுத்தியிருக்கேன்" என்றார் மாஸ்டர்.

"எப்ப?"

மாஸ்டர் தாளில் இருந்த சுருளைப் பார்த்தார். டாக்டர் அடுத்ததைக் கேட்டாள். "வீட்டுல வேற யாருக்காவது இருந்துச்சா?"

"எங்கப்பாவுக்கு. ஆனா அவர் குடிக்கவே மாட்டாரும்மா." சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. பிள்ளையாக இருந்த நாளிலிருந்து கண் முன்னால் இருந்த விஷயம். ஒரு சொட்டு தொடாதவரின் கை ஆடியது. அதைப் பார்த்தே வளர்ந்தவர், அந்தக் கையைப் பார்த்து வெட்கப்பட்ட நேரத்தில் பாதியை அதைப் பற்றி யோசிக்கச் செலவழித்திருந்தால்!

"பிள்ளைங்களுக்கும் வரலாம். வந்தே தீரும்னு இல்லை" என்றாள் டாக்டர்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். மனைவி இரண்டு பஸ்ஸை விட்டார்.

"கல்யாணத்தன்னிக்கு நீங்க குடிச்சீங்களா, இல்லையா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் குடிச்சேன்னு கத்துனீங்க?"

மாஸ்டர் தன் கைகளைப் பார்த்தார். மடியில் இரண்டும் சமத்தாகக் கிடந்தன.

"பாவி மனுஷா" என்றார் மனைவி. அழவில்லை. "அது உங்க வீம்பாவே இருந்துட்டுப் போகட்டும். என் பொண்ணை ஏன் அதுக்குப் பலி கொடுத்தீங்க?"

மாத்திரையும் மேற்பார்வையுமாகக் கொஞ்ச காலம் போனது. நடுக்கம் முழுசாகப் போகவில்லை, கரண்டி வாய்க்கு வருமளவு குறைந்தது. அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் மகள் வீட்டு வாசலில் போய் நின்றார். தனியாகத்தான் போக வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டார்.

கதவைத் திறந்த பாப்பா, பழக்கத்தில் மூக்கைத்தான் முதலில் சுருக்கினாள். வாசம் இல்லை. "உள்ள வாங்க" என்றாள், தண்ணீர்க் கேன்காரரைக் கூப்பிடுகிற குரலில். மாப்பிள்ளை பேரனைக் கூட்டிக்கொண்டு எங்கோ போயிருந்தார். டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். முட்ட முட்ட முழு கிளாஸ். அவளுக்கு அரை கிளாஸ் கதை தெரியாது.

மாஸ்டர் கிளாசைத் தொடவில்லை. கதையை மில் கேன்டீனிலிருந்து ஆரம்பித்தார். தாத்தாவுக்கு 'ஆட்டக்கை' என்று பெயர் இருந்ததே பாப்பாவுக்கு அன்றுதான் தெரியும். வியாபாரி வீட்டு விசேஷம், அலமாரி, டாக்டர், சுருள், எல்லாம் சொல்லிவிட்டு, "உனக்கு எப்படி இருக்கும்மா, கை?" என்று கேட்டார்.

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். ஆடவில்லை. மாஸ்டருக்கு உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது.

அவள் கையை மடக்கிக்கொண்டாள். "அப்ப அன்னிக்கு நீங்க குடிக்கலை."

"இல்லம்மா."

"குடிச்சிருந்தா நான் எப்பவோ மன்னிச்சிருப்பேன்பா" என்றாள். "குடிகாரங்க குடிப்பாங்கன்னு விட்டிருப்பேன். நீங்க எனக்காக அவ்வளவு கஷ்டப்பட்டு நிறுத்தியிருக்கீங்க. நான் கேட்டதைச் செஞ்சிருக்கீங்க. செஞ்சுட்டு, செய்யலைன்னு பொய் சொல்லி, இத்தனை வருஷம் என்னை உங்க மேல கோபமா வச்சிருந்திருக்கீங்க. பையன்கிட்ட தாத்தா குடிகாரர்னு சொல்லி வளத்திருக்கேன். அதை யார்கிட்ட போய்த் திருப்பிக் கேக்கறது?"

ஊரெல்லாம் பேசிப் பேசித் தேய்ந்த வாய் மாஸ்டருடையது. சும்மா இருப்பது அவமானமாக இருந்ததால் கிளாசைத் தூக்கினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. ஆடியது. சாசரில் சிந்தியது, வேட்டியில் சிந்தியது. சூடு அதிகம் என்று சொல்லவில்லை. ஒரு வாய் குடித்தார். பாப்பா எழுந்து வந்து துடைக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. முதல்முறையாக அந்தக் கையை முழுசாகப் பார்த்தாள்.

அப்புறம் கேட்டாள். "எது வரைக்கும் எழுதியிருந்தீங்க? என் பேரை?"

"கடைசி எழுத்து மட்டும் பாக்கி."

"நான் படிக்கக்கூட இல்லப்பா. வழிச்சுட்டேன்."

மாஸ்டர் பழக்க தோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முதல் எழுத்து நல்லாத்தான் வந்திருந்துச்சு..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். கிளாசைக் கீழே வைத்தார். அது கிணுகிணுத்தது.

"இல்லம்மா. அதுவும் நல்லா வரலை."